புதிதாக ஜிம்முக்குப் போகும் டெல்டாக்காரருக்கு: எடைப் பயிற்சி, சாப்பாடு, செலவு

எடைப் பயிற்சி பற்றி இணையத்தில் தேடினால் ஓட்ஸ், பிராக்கோலி, அவகாடோ என்று வரும். ஊர் ஜிம்மில் கேட்டால் "சோத்தை விட்ருங்க தம்பி, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்பார் மாஸ்டர். வீட்டில் கேட்டால் "நல்லா இருக்கற உடம்ப எதுக்குடா இளைக்க வைக்கற?" என்பார்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, நெல் விளைகிற ஊரில் சோறு சாப்பிட்டுக்கொண்டே தொப்பையைக் குறைத்து உடம்பைக் கட்டாக்குவது எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்குக் காலமும் காசும் நிறைய ஆனது. உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இதுவரை எடை மாட்டித் தூக்கும் ராடைத் தொடாதவர்களுக்கும், ஒருமுறை சேர்ந்துவிட்டுப் பாதியில் நின்றவர்களுக்கும் இது. போட்டிக்குப் போகிறவர்கள் வேறு இடம் பாருங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகை என்று எந்தப் பக்கம் இருந்தாலும் நமக்கு மாதத்தில் நாலு நாளாவது ஏதாவது வந்துவிடும். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கோயில் திருவிழா, அறுப்பு. அதனால் எந்த அட்டவணை சிறந்தது என்று தேடாதீர்கள், ரெண்டு நாள் விட்டுப்போனாலும் குலையாத அட்டவணை எது என்று தேடுங்கள். சாப்பாட்டுக்கும் இதே கதைதான்.

1. சேருவதற்கு முன்னால்: டேப்பும் ரத்தப் பரிசோதனையும்

தையல் டேப் ஒன்று வாங்குங்கள், இருபது ரூபாய்க்குள் கிடைக்கும். காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல், தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலே, பெண்ணுக்கு 80க்கு மேலே என்றால் இந்திய உடம்புக்கு அது கூடுதல். இன்னொரு சுலபமான கணக்கு, இடுப்பளவு உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 170 செ.மீ. உயரம் என்றால் 85.

கை கால் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் வந்து நிற்கும் உடம்பு நம் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு. எடை மெஷினில் 62 கிலோ காட்டும், டேப்பில் 92 காட்டும். இவர்கள் "நான் ஒல்லிதானே, ஏத்தணும்" என்று வாழைப்பழமும் பாலுமாக இறங்குவார்கள், வயிறுதான் இன்னும் வரும். டேப் கூடுதலாகக் காட்டினால், எடை எவ்வளவு இருந்தாலும், முதல் வேலை கொழுப்பைக் குறைப்பதுதான். டேப் சரியாக இருந்தால் இப்போது சாப்பிடும் அளவிலேயே புரதத்தை மட்டும் கூட்டி எடை தூக்குங்கள், அது போதும்.

அப்புறம் ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியேட்டினின். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகவே பார்ப்பார்கள், காலையில் வெறும் வயிற்றோடு போய்விட வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 என்றால் எச்சரிக்கை எல்லை, 126 அல்லது மேலே என்றால் மருத்துவரிடம் பேசாமல் எதையும் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்துப் பயிற்சியையும் கூட்டினால் சர்க்கரை திடீரென இறங்கலாம், மருந்தின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டி வரும். கிரியேட்டினின் சிறுநீரகத்துக்கான பரிசோதனை, தனியார் லேபில் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்குக் கீழே சொல்லியிருக்கும் புரத அளவு பொருந்தாது. குடலிறக்கம் இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தாலும் முதலில் காட்டிவிடுங்கள், பளு தூக்கினால் அது பெரிதாகும்.

ரிப்போர்ட்டைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட உதவும்.

2. ஜிம்மைப் பார்ப்பது, பணம் கட்டுவது

எங்கள் பக்கத்து ஊர்களில் சாதாரண ஜிம் மாதம் சுமார் 500 முதல் 1,000 ரூபாய், ஏசி உள்ளது 1,200 முதல் 2,000 வரை. இதுபோக அட்மிஷன் என்று தனியாக 500 அல்லது 1,000 வாங்குவார்கள். கேட்டால் பாதி இடங்களில் அதைக் குறைப்பார்கள், கேட்காவிட்டால் குறைக்க மாட்டார்கள்.

ஆண்டுக் கட்டணத்தில் மாட்டாதீர்கள். "வருஷத்துக்குக் கட்டினா அஞ்சாயிரம்தான், மாசம் மாசம்னா பன்னெண்டாயிரம்" என்று சொல்லும்போது லாபமாகத்தான் தெரியும். நான் கட்டிய ஓர் ஊர் ஜிம்மில் மூன்றாம் மாதமே மாஸ்டர் வேலையை விட்டுப் போனார், கேபிள் மெஷின் அறுந்து தொங்கியது, பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். முதல் மாதம் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். பிடித்திருந்தால் மூன்று மாதம். ஊருக்குப் போனால், உடம்பு முடியாமல் போனால் நாட்களை நிறுத்தி வைப்பார்களா என்பதை வாயால் கேட்டால் போதாது, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

சேர ஆதார் நகலும் பாஸ்போர்ட் அளவு போட்டோவும் கேட்பார்கள். ஆதார் இணையதளத்தில் முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரவிறக்கலாம், அதைக் கொடுத்தால் போதும். ஜிம்முக்கு உங்கள் முழு எண் எதற்கு?

பணம் கட்டுமுன் நீங்கள் போகப்போகிற அதே நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மாலை ஆறரைக்குப் போகிறவர் காலை பதினோரு மணிக்குப் பார்த்துவிட்டு வந்தால் எல்லாமே காலியாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியவை: ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) போட ஸ்டாண்டு, அதில் ராடு விழாமல் தாங்கும் கம்பி, இரண்டரை கிலோ பிளேட், 5 கிலோவிலிருந்து தொடங்கும் டம்பெல், கேபிள் புல்டவுன் (மேலிருந்து கம்பியைக் கீழே இழுக்கும் மெஷின்). இவை இருந்தால் தரை சிமென்ட்டாக இருந்தாலும் பரவாயில்லை. டிரெட்மில் எத்தனை இருக்கிறது என்று எண்ண வேண்டாம், நடக்க ஆற்றங்கரை இருக்கிறது. பெண்கள் தனி நேரம் உண்டா, அந்த நேரத்தில் எடைப் பகுதியைத் திறந்து விடுகிறார்களா என்றும் கேளுங்கள். சில இடங்களில் பெண்கள் நேரம் என்றாலே சைக்கிளும் ஜும்பாவும் மட்டும்தான்.

காசு இல்லை என்றால்: சில ஊராட்சிகளில் அம்மா உடற்பயிற்சிக் கூடம் கட்டியிருக்கிறார்கள், பூட்டியிருந்தால் ஊராட்சி அலுவலகத்தில் சாவி கேளுங்கள். தஞ்சாவூர்க்காரர்கள் அன்னை சத்யா விளையாட்டரங்கத்திலும் விசாரித்துப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் 20 கிலோ வரை ஏற்றக்கூடிய ஒரு ஜோடி டம்பெல் செட் வாங்கி வீட்டிலேயே ஆறு மாதம் ஓட்டலாம்.

3. அட்டவணை: வாரம் மூன்று நாள், முழு உடம்பு

ஜிம்மில் சேர்ந்ததும் ஒரு சார்ட் தருவார்கள். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் ஆர்ம்ஸ், வெள்ளி கால் என்று இருக்கும். பழகியவர்களுக்கு அது ஓடும். புதியவருக்கு ஏன் வேண்டாம் என்றால், ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் ஒரே நாள்தான் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம் வந்தால் காலுக்கு இரண்டு வாரம் வேலையே இருக்காது, நடைமுறையில் அந்தக் கால் நாள் எப்போதுமே வராது என்பதை எந்த ஜிம்மிலும் நீங்களே பார்க்கலாம். முழு உடம்பையும் மூன்று நாள் செய்தால் ஒரு நாள் விட்டாலும் எல்லாத் தசைக்கும் இரண்டு முறை வேலை கிடைத்துவிடும். புதியவருக்கு அசைவைப் பழகுவதுதான் பெரிய வேலை, அடிக்கடி செய்தால்தான் அது வரும்.

முதல் நாள் (அ): ஸ்குவாட் 3 செட், பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து மார்புக்கு மேலே தள்ளுவது) 3 செட், டம்பெல் ரோ (குனிந்து டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது) 3 செட், பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடித்திருப்பது) இரண்டு முறை.

அடுத்த நாள் (ஆ): ரோமானியன் டெட்லிஃப்ட் (எடையைப் பிடித்து முன்னால் சாய்ந்து நிமிர்வது) 3 செட், ஷோல்டர் பிரஸ் (தோளிலிருந்து தலைக்கு மேலே தள்ளுவது) 3 செட், லாட் புல்டவுன் (கேபிள் புல்டவுன்தான்) 3 செட், லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து இறங்கி ஏறுவது) 2 செட்.

திங்கள் அ, புதன் ஆ, வெள்ளி அ. அடுத்த திங்கள் ஆ. ஒரு நாள் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியதுதான், ஈடுகட்ட ஒரே நாளில் இரண்டையும் செய்ய வேண்டாம். ஒவ்வொரு செட்டும் 8 முதல் 12 முறை. செட்டுக்கு நடுவில் இரண்டு நிமிடம், அந்த நேரத்தில் போனை எடுத்தால் இரண்டு பத்தாகிவிடும். வார்ம் அப்போடு சேர்த்து ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். கடைசியில் ஆசைக்கு இரண்டு செட் பைசெப்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்குவாட்டை ராடோடு தொடங்க வேண்டாம். ஒரு டம்பெல்லை இரு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்து இறங்கி ஏறுங்கள். குதிகால் தரையில் ஒட்டியிருக்க வேண்டும், முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. ரோமானியன் டெட்லிஃப்ட்டில்தான் நிறையப் பேர் முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாற்று நடுகிறவர்கள் முதுகை வளைத்துக் குனிவதுபோல் அதில் குனியக் கூடாது. முழங்காலை லேசாக மடக்கி, பின்புறத்தைப் பின்னால் தள்ளத் தள்ள உடம்பு தானாக முன்னால் சாயும், முதுகு நேராகவே இருக்கும், தொடையின் பின்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு வந்ததும் நிமிர்ந்துவிட வேண்டும். பக்கவாட்டிலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள், கண்ணாடியில் இது தெரியாது.

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்று நம்பி தினம் இருநூறு சிட் அப் போடுகிறவர்களைப் பார்ப்பீர்கள். எந்த இடத்தில் கொழுப்பு குறைய வேண்டும் என்று நாம் உடம்புக்கு உத்தரவு போட முடியாது. தசை பலமாகும், அவ்வளவுதான். இடுப்பில் கட்டும் வியர்வை பெல்ட்டும் தண்ணீரைத்தான் எடுக்கும், ஒரு சொம்பு மோர் குடித்தால் அது திரும்பி வந்துவிடும்.

4. எடையை எப்படி ஏற்றுவது

ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை முறை. இதை எழுதாதவர் ஆறு மாதம் கழித்தும் அதே பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டிருப்பார்.

முதல் வாரம் மிக லேசாகத் தொடங்குங்கள், ஒவ்வொரு செட்டின் முடிவிலும் இன்னும் நாலைந்து முறை தூக்க முடியும் என்று தோன்ற வேண்டும். இரண்டாவது வாரத்திலிருந்து, இன்னும் இரண்டு முறை மிச்சம் இருக்கிறது என்ற நிலையில் நிறுத்துங்கள். மூன்று செட்டிலும் 12 முறை சுத்தமாக வந்துவிட்டால் அடுத்த தடவை இரண்டரை கிலோ கூட்டுங்கள், எண்ணிக்கை 8க்கு இறங்கும், மறுபடி 12க்கு ஏறட்டும். முதல் சில வாரங்களில் பலம் வேகமாக ஏறும். அதில் பெரும்பகுதி நரம்பு பழகுவதால் வருவது, தசை பிறகுதான் தெரியும். கண்ணாடியில் ஒன்றும் காணோமே என்று அப்போது விட்டுவிடாதீர்கள்.

ராடின் எடையை நம்பாதீர்கள். ஏழடி ஒலிம்பிக் ராடு 20 கிலோ. நம் ஊர் ஜிம்களில் ஐந்தடி, ஆறடி ராடுகள்தான் அதிகம், அவை அதைவிட லேசு, ஒன்றுக்கொன்று வித்தியாசமும் இருக்கும். எடை மெஷினில் முதலில் நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள், பிறகு ராடைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பாருங்கள், கழித்தால் தெரிந்துவிடும். நோட்டின் முதல் பக்கத்தில் "நீல டேப் சுற்றிய ராடு 9 கிலோ, துருப்பிடித்தது 12" என்று எழுதி வைத்தால் போதும்.

முதல் நாளே மாஸ்டர் உற்சாகத்தில் கைக்கு மட்டும் பத்து செட் போடச் சொன்னால் சிரித்துக்கொண்டே நழுவிவிடுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிப்பது சகஜம், மூன்று நான்கு நாளில் போய்விடும். ஆனால் கை வீங்கி நீட்டவே முடியாமல், சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனால் அது சாதாரண வலி அல்ல. தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டில் குத்துவது போன்ற வலி வந்தால் அந்தப் பயிற்சியை அன்று நிறுத்திவிடுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரை ஜிம் மாலையில் கொதிக்கும். முடிந்தால் அந்த இரண்டு மாதம் மட்டும் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் கையில் இருக்கட்டும்.

5. சாப்பாட்டுக் கணக்கு: சோறு எதிரி இல்லை

உங்கள் எடையை 26 ஆல் பெருக்குங்கள். 75 கிலோ என்றால் 1,950 கலோரி. வாரம் மூன்று நாள் பயிற்சியும் தினம் கொஞ்சம் நடையும் இருக்கிற, உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இளைக்க இது நல்ல தொடக்கம். வயல் வேலையோ கட்டட வேலையோ செய்பவருக்கு இது போதாது, 32 ஆல் பெருக்குங்கள். யாராக இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் 1,200க்குக் கீழே இறங்க வேண்டாம். புரதம் ஒரு கிலோ எடைக்கு ஒன்றரை கிராம், 75 கிலோவுக்கு ஏறக்குறைய 110 கிராம். நிறைய எடை கூடியவர்கள் இப்போதைய எடைக்குப் பதில் போய்ச் சேர வேண்டிய எடையை வைத்துப் புரதத்தைக் கணக்கிடலாம்.

சாதாரண ஆளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு கிலோவுக்கு 0.83 கிராம். எடை தூக்கிக்கொண்டே இளைக்கும்போது தசை கரையாமல் இருக்கத்தான் இந்தக் கூடுதல்.

இப்போது சோறு. நம் இலையில் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை சோறு விழுகிறது. யாரும் மூன்று தட்டு சாப்பிட்டதாக நினைப்பதில்லை, ஆனால் அளந்தால் அரை கிலோவைத் தொடும். வெந்த சோறு 100 கிராமுக்கு சுமார் 130 கலோரி, அரை கிலோ என்றால் 650. முன்னூறு ரூபாய்க்குச் சமையலறைத் தராசு கிடைக்கிறது. வாங்கி, உங்கள் வீட்டுக் குழிக்கரண்டியால் ஒரு கரண்டி சோறு எவ்வளவு என்று ஒரே ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், பிறகு தராசு தேவையில்லை, கரண்டியை எண்ணினால் போதும். மதியம் 250 கிராம். அதை மூன்றாகப் பிரித்து சாம்பார், ரசம், மோர் மூன்றுக்கும் வைத்துக்கொள்ளலாம், யார் வேண்டாம் என்றது?

அரிசியை விட்டுவிட்டுத் தினை, சாமை, கேழ்வரகு என்று மாறினால் இளைத்துவிடலாம் என்பதும் பாதிதான் சரி. நார்ச்சத்து கூடும், பசி தாங்கும், நல்லதுதான். ஆனால் சமைக்காத நிலையில் 100 கிராமுக்குக் கலோரி அரிசியோடு பெரிய வித்தியாசம் இல்லை. வெள்ளைச் சர்க்கரைக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் நடுவிலும் அப்படியே.

சோற்றைவிட எண்ணெயும் காபியும்தான் கணக்கைக் கெடுக்கின்றன. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, அது தேங்காயெண்ணெய் ஆனாலும் செக்கு நல்லெண்ணெய் ஆனாலும் ஒன்றுதான். ஒரு லிட்டர் பாக்கெட்டை உடைத்த அன்று அதன்மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். நாலு பேர் வீட்டில் பத்து நாள் வந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி, அந்த அளவில் நிற்கலாம். ஆறு நாளில் தீர்ந்தால் எங்கே போகிறது என்று சமைக்கிறவரோடு உட்கார்ந்து பேசுங்கள், குறை சொல்லாமல். காபிக்கு வந்தால், ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று நாலு காபி குடித்தால் சர்க்கரை மட்டும் 160 கலோரி, அதன்மேல் கெட்டிப் பால். கும்பகோணத்துக்காரர்களிடம் டிகிரி காபியை விடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றது சர்க்கரை இல்லாமல் நீலப் பாக்கெட் பாலில். ஆவின் நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6.

6. புரதம் எங்கிருந்து, என்ன விலைக்கு

நம் சாப்பாட்டில் குறைவது இதுதான். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள், ஒரு கிண்ணம் சாம்பாரில் நாலைந்து கிராம் புரதம் இருந்தால் அதிகம். திருவையாறு அசோகா அல்வாவும் பாசிப்பருப்பில் செய்ததுதானே என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். அதில் பருப்பைவிட நெய்யும் சர்க்கரையும்தான் கணக்கு.

ஏறக்குறைய 20 கிராம் புரதத்துக்கு ஆகும் செலவு, ஊர் விலையில்: மீல் மேக்கர் 40 கிராம், பத்து ரூபாய்க்குப் பக்கம். முட்டை மூன்று, சுமார் 20 ரூபாய், 18 கிராம் கிடைக்கும். தோல் நீக்கிய கோழி 100 கிராம், 25 ரூபாய்க்குள். பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ 100 கிராம், பத்துப் பதினைந்து ரூபாய், ஆனால் அதனோடு 330 கலோரிக்கு மேல் வரும். பன்னீர் 100 கிராம் 40 ரூபாய்க்கு மேல், கொழுப்பும் புரதத்துக்குக் குறையாமல் இருக்கும். வே என்ற, பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி ஒரு ஸ்கூப் 70 முதல் 100 ரூபாய். ரேஷனில் கிடைக்கும் 30 ரூபாய்த் துவரம்பருப்பை மறந்துவிடாதீர்கள், ஆனால் அதை மட்டுமே நம்பி 110 கிராமைத் தொட முடியாது. வேர்க்கடலை நல்ல பொருள், கொறிக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்பதுதான் பிரச்சினை, 100 கிராமில் 560 கலோரிக்கு மேல்.

மீன் நமக்கு இருக்கும் வரம். மத்தி, காணாங்கெளுத்தி மாதிரி மலிவு மீனிலும் 100 கிராமுக்கு 18, 20 கிராம் புரதம் உண்டு, வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை. குழம்பாக வைத்தால் சரி, வறுத்தால் எண்ணெயைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கடல் மீன் விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதம் குளத்து மீன், கெண்டை, ஜிலேபி, இல்லையென்றால் முட்டை, கோழி என்று முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் குடிக்கச் சொன்னால் குடிக்காதீர்கள். வெந்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேரும், பச்சையில் கிருமிப் பயமும் உண்டு.

7. ஒரு நாள் எப்படி இருக்கும்

75 கிலோ ஆளுக்கு ஒரு மாதிரி. காலையில் இரண்டு இட்லி, சாம்பார், மூன்று அவித்த முட்டை. பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காய் இல்லாமல். மதியம் 250 கிராம் சோறு, 150 கிராம் மீன் போட்ட குழம்பு, ஒரு பெரிய கரண்டி கீரையோ பொரியலோ. மாலையில் ஒரு பூவன் பழம், சர்க்கரை இல்லாத காபி, பிறகு ஜிம். இரவு இரண்டு சப்பாத்தி, 40 கிராம் மீல் மேக்கர் போட்ட குருமா, ஒரு கிண்ணம் தயிர். எல்லாம் சேர்த்து 1,950 கலோரிக்கும் 110 கிராம் புரதத்துக்கும் பக்கத்தில் நிற்கும். வழக்கமான வீட்டுச் சாப்பாட்டுக்கு மேல் செலவு ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது ரூபாய்.

சைவம் என்றால் முட்டை இடத்தில் பாசிப்பயறு அடையும் மோரும், மீன் இடத்தில் பன்னீர் அல்லது மீல் மேக்கர். 110 வராது, 85, 90 வரும். ஒரு ஸ்கூப் பொடி சேர்த்தால் எட்டிவிடலாம். பழைய சோறு பிடித்தவர்கள் காலையில் 200 கிராம் பழையதும் இரண்டு முட்டையும் சாப்பிடுங்கள், கேடு ஒன்றும் இல்லை. கேடு தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாய் வறுத்த எண்ணெயில் இருக்கிறது.

8. டப்பா, மாத்திரை, ஊசி

சேர்ந்த இரண்டாவது வாரத்தில் மாஸ்டர் புரதப் பொடி டப்பாவைப் பற்றிப் பேசுவார். அவருக்குக் கமிஷன் உண்டு, அதில் தப்பு இல்லை, வாங்குவது உங்கள் முடிவு. தசை ஏற்றுவதற்காகப் புரதப் பொடிகளைச் சாப்பிட வேண்டாம் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது. என் பார்வையில் அது மருந்தும் இல்லை, விஷமும் இல்லை. பாலிலிருந்து எடுத்த பொடி, விலை அதிகம், சாப்பாட்டில் எட்டாதவருக்கு ஒரு வசதி. வாங்கினால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 14 இலக்க உரிம எண் டப்பாவில் இருக்கிறதா, மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்துப் பாக்கெட்டில் கட்டித் தருவதை வாங்கவே வேண்டாம்.

கிரியேட்டின் என்று இன்னொரு பொடி உண்டு, தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தால் பலத்தில் கொஞ்சம் உதவும் என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். முதல் வாரம் ஒரு கிலோ தண்ணீர் எடை ஏறலாம், பயப்பட வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவைச் சற்று உயர்த்திக் காட்டும், அதனால் இதை எடுக்கிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டாயம் ஒன்றும் இல்லை.

கொழுப்பு கரைக்கும் மாத்திரை, பெயர் ஒட்டாத கேப்சூல், "ஒரு கோர்ஸ் ஊசி" இவற்றை யார் நீட்டினாலும் அந்த ஜிம்மை விட்டே வந்துவிடுங்கள். ஸ்டீராய்டு இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும், விந்து உற்பத்தியை நிறுத்தும், இருபத்தி இரண்டு வயதுப் பையன்களுக்குத்தான் அதை முதலில் விற்கிறார்கள்.

9. பந்தி, விரதம், அறுப்பு

கல்யாணச் சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டாம். அன்று காலையிலும் இரவிலும் முட்டையும் காயும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மதியப் பந்தியில் ஒரு முறை சாம்பார் சாதம், காய் எல்லாம், பாயசம் ஒரு கப். இரண்டாவது முறை பரிமாற வந்தால் இலையின் மேல் கையை வைத்தே இருங்கள். அத்தை விடமாட்டார், "என்னடா கோபமா?" என்பார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள், அந்தப் பொய்க்கு மன்னிப்பு உண்டு. மறுநாள் எடை ஒன்றரை கிலோ ஏறிக் காட்டும், அது உப்பும் தண்ணீரும், நாலு நாளில் இறங்கும். அதைப் பார்த்துப் பட்டினி கிடந்தால்தான் மூன்றாம் நாள் பரோட்டாக் கடையில் போய் நிற்போம்.

புரட்டாசியிலும் மாலை போட்ட நாட்களிலும் அசைவம் இல்லாத வாரங்கள் வரும், மீல் மேக்கர், பன்னீர், தயிர் இவற்றை அப்போதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நவராத்திரி நமக்குச் சாதகம், வீட்டுக்கு வீடு சுண்டல். மாலை போட்டிருக்கும்போது எடையை ஏற்றாமல் இருக்கிற எடையைக் காப்பாற்றினாலே போதும்.

அறுப்பு, நடவு நேரத்தில் வயலில் நிற்பவர்கள் வாரம் ஒரு நாள் ஜிம்முக்குப் போனாலும் பலம் அவ்வளவாக இறங்காது. அ, ஆ இரண்டிலிருந்தும் பெரிய பயிற்சி நாலை மட்டும் எடுத்து இரண்டு செட் செய்துவிட்டு வாருங்கள்.

10. அளப்பதும் மாற்றுவதும்

காலையில் கழிப்பறை போய்விட்டு வந்து எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணுக்கு அர்த்தம் இல்லை, ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுத்து, அதைப் போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். 75 கிலோ ஆள் வாரம் 400 முதல் 700 கிராம் குறைந்தால் சரி. ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் தசையும் போகிறது, சாப்பாட்டைக் கூட்டுங்கள். மூன்று வாரம் சராசரியும் இறங்காமல், டேப்பும் அசையாமல் நின்றால் மதியச் சோற்றில் ஒரு கரண்டி, அல்லது எண்ணெயில் ஒரு ஸ்பூன் குறையுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் வேண்டாம். அதற்குமுன் நடையைப் பாருங்கள், தஞ்சாவூரில் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய்க் கரையிலோ உங்கள் ஊர் வாய்க்கால் கரையிலோ தினம் அரை மணி நேரம் கூட்டினாலே பல பேருக்கு மறுபடி இறங்க ஆரம்பிக்கும். எடை நின்று டேப் மட்டும் குறைந்தால் எதையும் மாற்ற வேண்டாம், கொழுப்பு போய்த் தசை வருகிறது, புதியவர்களுக்குத்தான் இந்த அதிர்ஷ்டம்.

மூன்று மாதம் முடிந்ததும் ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுங்கள். இடுப்பு உயரத்தில் பாதிக்குக் கீழே வந்திருந்தால் கலோரியை எடைக்கு 30 என்று உயர்த்திவிட்டு அதே அட்டவணையைத் தொடரலாம். வரவில்லை என்றால் இரண்டு வாரம் குறைக்காமல் சாப்பிட்டுவிட்டு மறுபடி 26க்கு இறங்குங்கள். எடை ஏற்றம் இரண்டு மூன்று பயிற்சிகளில் ஒரு மாதமாக நின்றுபோன பிறகு வாரம் நாலு நாள், மேல் உடம்பு இரண்டு, கீழ் உடம்பு இரண்டு என்று மாறலாம். நோட்டில் எண்கள் ஏறிக்கொண்டிருக்கும்வரை அதற்கு அவசரம் இல்லை, பக்கத்தில் நிற்பவர் ஐந்து நாள் சார்ட்டைக் காட்டினாலும்.